நிரப்பப்படாத கட்டம்

ஓர் அட்டவணையில் ஐந்து பெண்கள். ஐவருக்கும் 'கணவர் பெயர்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. ஒருத்திக்குத் திருமணமே ஆகவில்லை. இன்னொருத்தியின் கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. பெயர் தெரியும், எழுத விருப்பமில்லை. மூன்றாமவளுக்குக் கணவன் இருக்கிறான், ஆனால் அவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. எழுத வந்தவருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நான்காமவள் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள். ஐந்தாமவளிடம் யாரும் கேட்கவே இல்லை. இந்த ஐந்து காலிகளையும் தரவுத்தளம் ஒரே குறியால் எழுதிக்கொள்கிறது: நல். தமிழில் 'நல்' என்பது நன்மையைச் சொல்லும் சொல் என்பதை நினைத்து ஒரு கணம் சிரித்துக்கொள்ளலாம். அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள்.

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழிக்கு எஸ்கியூஎல் என்று பெயர். 1974இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு என்று நம் பெயர் பதிவாகியிருக்கும் பல இடங்களில் நம்மைப் பற்றிய கேள்விகள் இந்த மொழியில்தான் கேட்கப்படுகின்றன. ஒரு நாவலில் யார் பேசுகிறார்கள், யாருக்குப் பேச்சில்லை என்று பார்க்கப் பழகிய நாம், இந்த மொழியையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். அதற்குக் கணிதம் தேவையில்லை. ஒரு கூட்டல் கணக்கு போதும்.

நூறு பெண்கள் உள்ள ஓர் அட்டவணையில், கணவர் பெயர் 'முருகன்' என இருப்பவர்களை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பத்துப் பேர் வருவார்கள். அடுத்து, கணவர் பெயர் 'முருகன்' என இல்லாதவர்களைக் கேளுங்கள். மீதித் தொண்ணூறு பேரும் வர வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். எண்பத்தைந்து பேர்தான் வருவார்கள். மேலே சொன்ன ஐந்து பெண்களும் முதல் பட்டியலிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. காரணம் எளிது. தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் எஸ்கியூஎல் தரும் விடை 'ஆம்' அல்ல, 'இல்லை'யும் அல்ல; 'தெரியாது'. தேர்ந்தெடுக்கும் இடத்திலோ 'ஆம்' என்று விடை வந்த வரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த ஐவரையும் வெளியே எடுக்க வேண்டுமென்றால், 'இந்தக் கட்டம் காலியா?' என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்கத் தோன்றாதவர்களுக்கு அவர்கள் வர மாட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றாது என்பதுதான் இதில் முக்கியம். கேள்வி சரியாக ஓடி முடிந்திருக்கும்.

இன்னொரு விசித்திரம். காலிக் கட்டம் உள்ள இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் சமமா என்று கேட்டாலும் 'தெரியாது'தான். ஆனால் வகை வகையாகத் தொகுக்கச் சொன்னால், அதே மொழி காலிக் கட்டக்காரர்கள் அனைவரையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடும். ஒப்பிடும்போது தனித்தனி, ஒதுக்கும்போது ஒரே கூட்டம். இது நமக்குப் புதிதில்லை.

இந்த ஏற்பாட்டின் மூலவர் எட்கர் காட். உறவுமுறைத் தரவு மாதிரி பற்றிய அவரது கட்டுரை 1970இல் வந்தது. விடுபட்ட தகவலை எப்படிக் கையாள்வது என்று 1979இல் விரிவாக எழுதினார். 1990இல் வெளிவந்த தம் நூலில் அவரே ஒரு குறி போதாது என்றார். மதிப்பு இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒன்று. அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது என்பதற்கு இன்னொன்று. நம் அட்டவணையில் மூன்றாமவளுக்கு முதல் குறி, திருமணமாகாதவளுக்கு இரண்டாவது. எஸ்கியூஎல் அதை ஏற்கவில்லை. ஒரே நல்லோடு நின்றுவிட்டது. கிறிஸ் டேட் போன்றவர்கள் நல்லே வேண்டாம் என்று வாதாடினார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த விவாதம் பழகிய வீதி போல இருக்கும். 'இல்லை' என்பது இருப்பை மறுக்கிறது. 'அல்ல' என்பது இன்னதென்பதை மறுக்கிறது. 'பணம் இல்லை' வேறு, 'பணம் அல்ல' வேறு. நல் இந்த இரண்டிலும் சேராது. தோன்றா எழுவாயும் நல் ஆகாது. 'வந்தாள்' என்ற வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும் வந்தவள் ஒருத்தி என்பதை வினையே சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் மறைந்திருக்கிறது. நல்லில் மறைந்திருப்பதற்கான தடயம்கூடக் கிடையாது.

நன்னூல் விடைகளை எட்டாக வகுக்கிறது. 'நாளைக்கு வேலைக்கு வருவாயா?' என்று கேட்டால் 'வருவேன்' என்பது நேர்விடை, 'வரமாட்டேன்' என்பது மறைவிடை. 'உடம்பு வலித்தது' என்றாலும் விடைதான். தனக்கு நேர்ந்ததைச் சொல்வதால் உற்றது உரைத்தல். 'வீட்டிலிருந்தே செய்து தருகிறேன்' என்றால் இனமொழி. எட்டில் நேரடியான 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும்தான் அரசுப் படிவத்தில் கட்டம் உண்டு. நம் பெண்கள் பேசுவதில் பெரும்பகுதி மீதி ஆறில் இருக்கிறது. 'உன் வீட்டுக்காரர் அடிப்பாரா?' என்ற கேள்விக்கு 'பிள்ளைகள் முன்னால் அப்படியெல்லாம் கிடையாது' என்று ஒருத்தி சொன்னால், எழுதுபவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

இந்தக் கேள்வியோடுதான் கணியம்பாடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரப் பக்கம் இருக்கிறது கணியம்பாடி ஒன்றியம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத்துறை பாகாயத்தை மையமாகக் கொண்டு பல பத்தாண்டுகளாக இங்குள்ள கிராமங்களில் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிந்து வருகிறது. (ஐடா ஸ்கட்டர் ஏன் மருத்துவரானார் என்பதற்குச் சொல்லப்படும் கதை நமக்குத் தெரியும். ஆண் மருத்துவர் வேண்டாமென்று குடும்பங்கள் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்துபோன மூன்று பெண்கள். கதை சொல்லப்படும்போது அவர்கள் இன்னாரின் மனைவி என்று சாதியோடும் மதத்தோடும் வருகிறார்கள். பெயரோடு வருவதில்லை.)

கணியம்பாடிப் பதிவு முறை அடுக்குகளால் ஆனது. கிராமத்தில் வசிக்கும் சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேல் சுகாதார உதவியாளர், பிறகு சமூக நலச் செவிலியர், கடைசியாக மருத்துவர். ஒரு மரணம் நடந்தால் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் பேசி, என்ன நடந்தது என்று கேட்டறிந்து காரணத்தைத் தீர்மானிப்பார்கள். இதை வாய்மொழி இறப்பாய்வு என்கிறார்கள். உடலை அறுத்துப் பார்க்காமல் பேச்சைக் கேட்டு அறியும் முறை. நன்னூலார் சொன்ன உற்றது உரைத்தலுக்குக் காது கொடுக்கும் ஏற்பாடு என்றும் சொல்லலாம்.

இந்தப் பதிவுகளை வைத்து 1994 முதல் 1999 வரையிலான ஆறு ஆண்டுகளின் தற்கொலை வீதத்தைக் கணக்கிட்டு, ஆபிரகாம் ஜோசப்பும் அவருடைய சகாக்களும் 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லட்சத்துக்கு 95.2. அந்த ஆண்டுகளில் காவல் நிலையப் பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்ட தேசிய அளவு லட்சத்துக்குப் பத்து, பதினொன்று என்ற அளவில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு லான்செட் இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. 1992 முதல் 2001 வரை, பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களைப் பற்றியது. பையன்களிடையே வீதம் லட்சத்துக்கு 58. பெண் பிள்ளைகளிடையே 148.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் மட்டும் பெண் பிள்ளைகள் இப்படிச் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று இதை வாசித்தால் அது தவறான வாசிப்பு. மற்ற ஊர்களிலும் கேட்டிருந்தால் எண் எவ்வளவு வந்திருக்கும் என்பதே இங்கே எழும் கேள்வி. அந்த ஆண்டுகளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. போலீஸ் வரும், பிரேதப் பரிசோதனை நடக்கும், தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. 'வயித்து வலி தாங்கல' என்று சொல்லி அடக்கம் செய்துவிடுவதற்குக் குடும்பத்துக்குக் காரணங்கள் இருந்தன. காவல் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் கட்டம் காலி. காலிக் கட்டங்களை விட்டுவிட்டுக் கூட்டினால் வரும் எண்ணைத்தான் நாடு நம்பியது. தெரியாதது, இல்லாததாக மாறிய இடம் இது. கணினி செய்த மாற்றம் அல்ல. ஆனால் வேலை செய்த விதி ஒன்றுதான்: 'ஆம்' என்று நிரூபணமானவள் மட்டும் எண்ணிக்கையில் வருவாள்.

கட்டம் நிரம்பிய பிறகும் பிரச்சினை தீர்வதில்லை. எஸ்கியூஎல்லில் 'கேஸ்' என்றொரு நிபந்தனைத் தொடர் உண்டு. இப்படியென்றால் இது, அப்படியென்றால் அது, எதுவும் இல்லையென்றால் 'எல்ஸ்'. கடைசியில் வரும் அந்த 'எல்ஸ்' ஒரு பெரிய கோணிப்பை. மேலே சொன்ன எதிலும் பொருந்தாததும் அதில் விழும், தெரியாததும் அதில்தான் விழும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். ஆண், பெண் அனைவருக்குமான காரணப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது 'குடும்பப் பிரச்சினைகள்', 33.2 சதவீதம். வரதட்சிணைக்கும் திருமணம் தொடர்பான சிக்கல்களுக்கும் தனி வரிகள் உண்டு. அவற்றில் சேராதது குடும்பப் பிரச்சினை. காதலித்ததற்காக அண்ணன் அடித்தது, படிப்பை நிறுத்தியது, மாமனாரின் பார்வை, கடன் வாங்கியது அவன் பதில் சொன்னது இவள், எல்லாம் இந்த இரண்டு சொற்களுக்குள் அடக்கம். மிகப் பெரிய வகையாக இருப்பது கோணிப்பை என்றால், வகைப்படுத்தியவர்கள் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. (இதை வாசிக்கும் யாருக்காவது மனம் தாங்காத நாள் என்றால், தமிழக அரசின் 104 எண்ணில் பேசலாம்; 14416 எண்ணிலும் இலவச மனநல ஆலோசனை தமிழில் கிடைக்கும்.)

காலியைக் கையாளும் கருவிகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'கோஅலெஸ்'. ஒரு வரிசையைக் கொடுத்தால், அதில் காலியாக இல்லாத முதல் மதிப்பை எடுத்துத் தரும். முதலாவது இருந்தால் இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு இந்தக் கருவியின் மனித வடிவம். குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய். கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தாயைக் காப்பாளராக ஏற்க வங்கி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1999இல் வந்த தீர்ப்பு, 'அவருக்குப் பிறகு' என்பதற்கு 'அவர் இறந்த பிறகு' என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, 'அவர் இல்லாத நிலையில்' என்றும் கொள்ளலாம் என்றது. தந்தை உயிரோடு இருந்தும் பிள்ளை மீது அக்கறையின்றி இருந்தாலும், தொலைவில் இருந்தாலும் தாய் காப்பாளராகலாம்.

பெண்களுக்கு இது வெற்றி என்று எழுதினார்கள், வெற்றிதான். ஆனால் நீதிமன்றம் மாற்றியது எதை என்று பாருங்கள். முதல் மதிப்பு எப்போது காலி என்று கருதப்படும் என்ற வரையறையை விரித்தது. வரிசையைத் தொடவில்லை. அவன் காலியானால்தான் அவள் தெரிவாள் என்ற அமைப்பு அப்படியே நின்றது. கீழ்நிலை எழுத்தர் முதல் நீதிபதி வரை எல்லோரும் விவாதித்தது அவனது இருப்பையும் இன்மையையும் பற்றித்தான். அந்தத் தாய் பத்து வருடம் வளர்த்ததை அளப்பதற்கு அந்தத் தொடரில் இடமே இல்லை.

கோஅலெஸ்ஸின் இன்னொரு பயன் காலியைச் சுழியமாக மாற்றுவது. வருமானம் காலியா, 0 என்று போடு. வீட்டு வேலை செய்யும் பெண்ணைத் தொழில் செய்யாதவள் என்று எழுதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கணினிக்கு முன்பே இதைச் செய்து வருகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டாருக்கான ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று காட்டியது. அளக்காத வரை அதுவும் சுழியம்தான். பின்னால் சராசரி பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகும்: காலியாக விட்டால் சராசரிக் கணக்கு அவளை விட்டுவிடும், சுழியம் என்று எழுதினால் அவள் எல்லோருடைய சராசரியையும் கீழே இழுப்பவளாகத் தெரிவாள். முதலாவதில் அவள் இல்லை, இரண்டாவதில் அவள் பாரம்.

எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் மாணவிகளுக்கும் பகுதி ஒன்று தமிழ் உண்டு. அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஊழியர் அட்டவணை, மாணவர் அட்டவணை, கேள்வி, விடை, கையெழுத்து. சோதனைக்காக அவர்கள் உருவாக்கியிருந்த வரிகளில் எல்லாருக்கும் பிறந்த தேதி இருந்தது. எல்லாருக்கும் சம்பளம், எல்லாருக்கும் அப்பா. அப்படிப்பட்ட உலகத்தில் எந்த நிபந்தனையும் சரியாகத்தான் வேலை செய்யும். ஒரு மென்பொருள் நியாயமாக நடக்கிறதா என்பதை அதன் நிபந்தனையை மட்டும் படித்துச் சொல்ல முடியாது. எந்த வரிகளை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். யார் கற்பனைக்குள் வந்தார்கள் என்ற இந்தக் கேள்வி இலக்கிய விமர்சனத்தின் கேள்விதான்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது அறிவிக்கப்பட்டிருந்த தகுதி விதிகளை அவர்களிடம் பயிற்சியாகக் கொடுத்தேன். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3600 யூனிட்டுக்குள். அரசின் மென்பொருள் இதை எப்படி எழுதியிருக்கிறது என்பது இங்கே பேச்சு அல்ல. எங்கள் மாணவிகள் எப்படி எழுதினார்கள் என்பதே பேச்சு. 'எல்லாம் வரம்புக்குள் இருந்தால் தகுதி உண்டு, எல்ஸ் தகுதி இல்லை' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். சோதனை வரியாக நான் ஒரு பெண்ணைக் கொடுத்தேன். மாமனார் பெயரில் பாகம் பிரிக்காத நிலம், அவள் பங்கு எவ்வளவு என்று தெரியாது. மூன்று குடும்பத்துக்கு ஒரே மின் மீட்டர், அதுவும் கொழுந்தன் பெயரில். நில அளவு காலி, மின் அளவு காலி. விடை: தகுதி இல்லை. வரம்பை அவள் மீறியதாக எங்கும் இல்லை.

ஒரு மாணவி வேறு வழியில் எழுதியிருந்தாள்: வரம்பை மீறினால் தகுதி இல்லை, எல்ஸ் தகுதி உண்டு. அதே பெண் இப்போது தகுதி பெற்றாள். காகிதத்தில் இரண்டும் ஒரே விதி. காலிக் கட்டம் வந்தபோதுதான் இரண்டும் வேறு வேறு அரசியல் என்பது தெரிந்தது. சரியான எழுத்து இந்த இரண்டுமே இல்லை. 'தெரியவில்லை, போய்க் கேள்' என்ற மூன்றாவது விடையைத் தனியாக எழுத வேண்டும். கணியம்பாடியில் சுகாதாரப் பணியாளர் செய்தது அந்த மூன்றாவது விடைதான்.

மேலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன; வேலைக்குப் போகப்போகும் மாணவிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொகை பெற்றவர்களின் பட்டியலில் இல்லாதவர் யார் என்று கேட்கும்போது, அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் காலியாக இருந்தாலும் விடை வெறுமையாக வரும். விடுபட்டவர் யாருமில்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். அடுத்தது இன்னும் மோசம். அட்டவணைக்குள் நுழையும்போது 'மணமகளின் வயது 18 அல்லது அதற்கு மேல்' என்று ஒரு காவல் விதி வைக்கலாம். 17 என்று எழுதினால் மறுக்கும். வயதைக் காலியாக விட்டால் உள்ளே விடும். நுழைவுக் காவல் 'இல்லை' என்று தெரிந்ததை மட்டும்தான் தடுக்கிறது. தேடும் கேள்வியோ 'ஆம்' என்று தெரிந்ததை மட்டும்தான் எடுக்கிறது. ஒரே 'தெரியாது', சிறுமிக்குத் தாலி கட்டும் இடத்தில் சலுகையாகவும், அவளைத் தேடும் இடத்தில் தடையாகவும் நிற்கிறது. 'வயது காலியாக இருக்கக் கூடாது' என்று தனியாக ஒரு வரி எழுதினால் போதும். அதை எழுதத் தோன்ற வேண்டும்.

எல்லாக் காலியையும் நிரப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில காலிகளைப் பெண்கள் போராடிப் பெற்றிருக்கிறார்கள். திருமணமாகாத தாய், காப்பாளர் மனுவில் குழந்தையின் தந்தை பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைகள் பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயரைக் காலியாக விடலாம் என்று 2018 டிசம்பர் முதல் விதி மாறியது. இந்தக் காலிகள் அறியாமையால் வந்தவை அல்ல, மறுப்பால் வந்தவை. காட் சொன்ன இரண்டு குறிகளிலும் இவை அடங்காது. மதிப்பு இருக்கிறது, அவளுக்குத் தெரிந்தும் இருக்கிறது, தரமாட்டாள்.

இதை வகுப்பில் சொன்னபோது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் 'காலிக்குக் காரணம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிடலாம் என்றாள் ஒருத்தி. பொருந்தாது, தெரியாது, கேட்கப்படவில்லை, சொல்ல விருப்பமில்லை என்று நான்கு மதிப்புகளைப் பலகையில் எழுதினாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், சொல்ல மாட்டேன்னு ஒருத்தி சொன்ன அப்புறம், ஏன் சொல்ல மாட்டேங்கிறேன்னு கேக்கறதும் அதே தொந்தரவு தானே?" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமாக விவாதம் நடந்தது. மணி அடித்த பிறகு பலகையைப் பார்த்தேன். நான்கு மதிப்புகளும் அப்படியே இருந்தன. அந்த நெடுவரிசையின் தலைப்புக்குக் கீழே யாரோ சிறியதாக எழுதியிருந்தார்கள்: காலியாகவும் விடலாம்.